ஜேட் பெல்ட் வில்லையை வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள்

ரத்தினக்கல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களிடம் "பழைய சீன ஜேட்" என்று வந்து சேரும் பொருட்களில் கையகலச் சதுர வில்லைகளும் உண்டு. பழங்கால அரசு அதிகாரிகளின் இடுப்பு பெல்ட்டில் தைத்திருந்தவை என்று சொல்லி, "ஆய்வுச் சான்றிதழுடன்" என்று கொட்டை எழுத்தில் போட்டு இணையத்தில் விற்கிறார்கள். அந்தச் சான்றிதழை எழுதுவது என்னைப் போன்றவர்கள்தான். அது என்ன கல், சாயமோ பிசினோ ஏற்றியிருக்கிறதா என்பதோடு சான்றிதழ் முடிந்துவிடும். எப்போது செதுக்கினார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. போன மாதம் செதுக்கிய வில்லைக்கும் "இயற்கை நெஃப்ரைட்" (ஜேட் என்று சொல்லப்படும் இரண்டு கற்களில் ஒன்று, மற்றது ஜேடைட்) என்றுதான் எழுதித் தருவோம், அதில் பொய்யும் இல்லை. அதைக் காட்டி ஆயிரம் வருடப் பழசு என்று விலை சொல்வதுதான் மோசடி.

இந்த வில்லைகள் வெறும் அலங்காரம் கிடையாது, பதவியின் அடையாளம். சீனாவின் தாங் அரசில் (618–907) 674ஆம் ஆண்டு வந்த விதிப்படி, மூன்றாம் தரமும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகளுக்கு (முதல் தரம்தான் உச்சம்) ஊதா அங்கி, பொன்னும் ஜேடும் சேர்ந்த பெல்ட், அதில் 13 வில்லைகள். சாதாரண மக்களுக்குச் செம்பும் இரும்பும்தான். மிங் காலத்தில் (1368–1644) இன்னும் கறார்: முதல் தர அதிகாரிக்கு மட்டுமே ஜேட், இரண்டாம் தரத்துக்குக் காண்டாமிருகக் கொம்பு, அப்புறம் பொன், வெள்ளி என்று இறங்கி, எட்டாம் ஒன்பதாம் தரத்துக்குக் கருங்கொம்பு. மிங் பெல்ட்டின் முழுத் தொகுதி 20 வில்லைகள். முன்னால் நடுவில் 3, பீச் பழ வடிவத்தில் 6, ஒடுங்கிய சின்னச் செவ்வகம் 2, வால் போன்ற நீண்ட வில்லை 2, முதுகுப் பக்கம் 7. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. அதனால் யாராவது ஒற்றை வில்லையை நீட்டினால், மீதி எங்கே, இது எந்த இடத்து வில்லை என்று கேளுங்கள்.

அடுத்து கல்லைப் பாருங்கள். அன்றைய சீனாவில் ஜேட் என்றால் நெஃப்ரைட், அதிலும் இன்றைய சின்ஜியாங்கில் உள்ள கோத்தான் நகரின் பக்கத்து ஆறுகளில் கிடைத்த வெள்ளைக் கல்லுக்குத்தான் பெரும் மதிப்பு. கண்ணைப் பறிக்கும் பச்சை ஜேடைட் பர்மாவிலிருந்து பெருமளவில் சீனாவுக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே பளிச்சென்ற பச்சை ஜேடைட்டில் "தாங் கால வில்லை" என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். எங்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது சில நிமிட வேலை: நெஃப்ரைட்டின் ஒப்படர்த்தி (தண்ணீரை விட எத்தனை மடங்கு கனம் என்பது) 2.95 வாக்கில் இருக்கும், ஜேடைட்டுடையது 3.3ஐத் தாண்டும். ஜேட் என்று சொல்லி விற்கும் மென்மையான கல்லான சர்பென்டைன் 2.6 பக்கம் நிற்கும், பல நேரம் கத்தி முனையே அதைக் கீறிவிடும் (கடையில் போய்க் கீறிப் பார்க்காதீர்கள், பொருள் பாழாகிவிடும்).

கல் சரியாக இருந்தால் வில்லையைத் திருப்புங்கள். எனக்கு முன்பக்கத்தை விடப் பின்பக்கம் முக்கியம். தோலில் தைப்பதற்காக, மூலைகளின் ஓரமாக இரண்டு இரண்டு துளைகள் சாய்வாக இறங்கி, கல்லுக்குள்ளேயே ஒன்றையொன்று சந்திக்கும். நூலோ செம்புக் கம்பியோ ஒரு துளையில் நுழைந்து அடுத்ததில் வெளியே வரும், முன்பக்கம் எதுவும் தெரியாது. வெகுகாலம் கட்டியிருந்த வில்லையில் இரு துளைகளுக்கும் நடுவே பாலம் போல நிற்கும் குறுகிய கல்லின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். புதுசில் ஓரம் கூராக, உள்ளே வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் எவ்வளவு பேசும் என்பதற்குச் செங்டுவில் உள்ள, தாங்குக்குப் பின் அங்கே முன்னாள் ஷு அரசை நிறுவிய வாங் ஜியனின் கல்லறையில் கிடைத்த பெல்ட் போதும். ஏழு சதுர வில்லைகள், ஒரு வால். 915இல் அரண்மனை தீப்பற்றி எரிந்தபின் சாம்பலில் கிடைத்த கல்லில் செய்தது என்று அந்த வாலின் பின்புறத்தில் பொறித்திருக்கிறார்கள்.

செதுக்கலுக்கு வருவோம். தாங் வில்லைகளில் கம்பளத்தில் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கும் மத்திய ஆசிய இசைக்கலைஞர்கள் அடிக்கடி வருவார்கள். நடுத் தளத்தைப் பள்ளமாக எடுத்திருப்பார்கள், உருவத்தின் உச்சி விளிம்பின் மட்டத்தைத் தாண்டாது. சுழலும் சக்கரத்தில் ஈர மணலைப் போட்டுத் தேய்த்த கோடு என்பதால், பத்து மடங்கு லென்ஸில் உடையின் ஒரு மடிப்பு பல சின்னச் சின்ன வெட்டுகளாகப் பிரிந்து தெரியும். வைரத் துளைப்பான் போட்ட கோடு ஒரே ஆழத்தில் ஓடும், ஓரத்தில் பொடிப் பொடியாகச் சில்லு பெயர்ந்திருக்கும். ஆனால் ஒன்று, நல்ல போலிக்காரர்களும் மணல் வைத்தே தேய்க்கிறார்கள். லென்ஸை வைத்துப் போலி என்று ஒதுக்கலாம், அசல் என்று சத்தியம் செய்ய முடியாது.

அசல் என்று துணிந்து சொல்ல, எங்கே எதோடு கிடைத்தது என்று தெரிய வேண்டும். 1970இல் சியான் நகரின் ஹேஜியாசுன் பகுதியில் கிடைத்த தாங் காலப் புதையலில் 10 ஜேட் பெல்ட் தொகுதிகள் இருந்தன, வெள்ளிப் பெட்டிகளின் மேல் உள்ளே இருப்பதன் விவரம் மையால் எழுதியிருந்தது. அதனால்தான் இன்று மற்ற வில்லைகளை அவற்றோடு ஒப்பிட முடிகிறது. கள்ளத்தனமாகத் தோண்டித் தனித்தனியாக விற்றிருந்தால் அந்த விவரமெல்லாம் போயிருக்கும். சீனச் சட்டப்படி மண்ணுக்கடியில் இருக்கும் தொல்பொருள் அரசின் சொத்து, "புதிதாகத் தோண்டியது" என்று விற்பவர் தன் குற்றத்தைத் தானே விளம்பரம் செய்கிறார். வேலைப்பாடு பிடித்திருந்தால் புது வில்லையைப் புதுசு என்று சொல்லி, புதுசுக்குரிய விலையில் விற்பவரிடம் தாராளமாக வாங்குங்கள்.

வீட்டில் பரம்பரையாக ஒன்று இருந்தால், தயவுசெய்து கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். துளையில் சிக்கிய நூல், செம்பின் பச்சைக் களிம்பு, ஒட்டிய தோல் எல்லாமே எங்களுக்குத் தடயம். பெட்டி, பழைய ரசீது, புகைப்படம் எது இருந்தாலும் சேர்த்தே எடுத்து வாருங்கள். நாலைந்து இருந்தால் பங்கு பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடாதீர்கள்.