நாலு கால், ஒரே கடைசல்

மேசைக்கு நாலு கால் கடைய வேண்டும். முதல் கால் அழகாக வந்துவிடும். அதே மாதிரி இன்னும் மூன்று என்னும்போதுதான் கை தயங்கும், ஒரு மாதிரியைப் பார்த்து அப்படியே கடைந்து தரும் டூப்ளிகேட்டர் வாங்கலாமா என்று மனம் போகும்.

அந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளிது. காலின் பக்கவாட்டு உருவத்தை ஒட்டுப்பலகையில் வெட்டி, லேத்துக்கு இணையாகப் பொருத்துவார்கள். ஒரு முள் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே போகும். முள் உள்ளே போனால் அதோடு இறுக்கிய வெட்டுமுனையும் உள்ளே போகும்; வெளியே வந்தால் வெளியே வரும். 1819-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தாமஸ் பிளாஞ்சர்ட் துப்பாக்கிக் கட்டை கடையக் காப்புரிமை பெற்ற எந்திரத்தில் மாதிரியும் மரமும் சேர்ந்தே சுழன்றன. மாதிரியின் மேல் ஒரு சக்கரம் உருள, மரத்தின் மேல் வெட்டுச்சக்கரம் அதே அசைவைச் செய்தது. உருண்டையாக இல்லாத வடிவத்தையே அப்படிக் கடைந்தார்கள்!

சரி, உருவம் வந்துவிட்டது. மேற்பரப்பு?

மரம் நீளவாக்கில் இறுக்கிக் கட்டிய வைக்கோல் மாதிரி. கையால் கடைபவர் உளியின் தீட்டிய பட்டையை மரத்தில் சாய்த்து, தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு இறக்குவார். அப்போது ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னொரு நார் முட்டுக் கொடுக்கும். நார் சுத்தமாக அறுபடும், சீவல் சுருள் சுருளாக வரும். டூப்ளிகேட்டரில் இருப்பதோ பெரும்பாலும் சுரண்டும் முனை. மேட்டில் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு ஒரே கோணம்தான். ஏறும் பக்கத்தில் நாரின் நுனிக்கு முட்டு இல்லை, நிமிர்ந்து பிய்ந்துவிடும். விரலால் தடவினால் குமிழின் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பூனை நாக்கு மாதிரி சொரசொரக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கூரான விளிம்புகள் மழுங்கிவிடும். எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

மெல்லிய கால் என்றால் இன்னொரு சிக்கல். விட்டம் பாதியானால், அதே அழுத்தத்துக்கு மரம் 16 மடங்கு வளையும். சுரண்டும் முனை மரத்தை அழுத்தித் தள்ளுவதால் நடுவில் தாங்கி வைக்காவிட்டால் அதிரும்.

அப்புறம், கையால் எப்படி ஒரே மாதிரி வரும்? ஒரு பட்டைக் குச்சியில் குமிழும் பள்ளமும் வரும் இடங்களைக் கோடு போட்டு, பக்கத்தில் விட்டத்தை எழுதிக்கொள்ள வேண்டும். சுழலும் மரத்தில் குச்சியை ஒட்டிப் பென்சிலைத் தொட்டால் கோடு வட்டமாக விழும். ஒவ்வொரு கோட்டிலும் குறுகிய உளியை ஒரு கையால் இறக்கி, மறுகையால் காலிப்பரை, அதாவது எழுதிய விட்டத்துக்குத் திறந்து வைத்த அளவுக் கவையை, லேசாகப் பிடிக்க வேண்டும். காலிப்பரின் வாய் மரத்தைத் தாண்டி நழுவும் நொடியில் உளியை எடுத்துவிட வேண்டும். அந்த அளவுகளுக்கு நடுவே வளைவைக் கையும் கண்ணும் பார்த்துக்கொள்ளும். நாலு மூலையில் தள்ளித் தள்ளி நிற்கும் கால்களில் கண் முதலில் ஒப்பிடுவது குமிழ்களின் உயரத்தைத்தான். வளைவில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

நாலு காலுக்கு நான் குச்சியைத்தான் எடுப்பேன். மாடிப்படிக் கைப்பிடிக்கு 40 மரக் கம்பி கடைய வேண்டும் என்றால் டூப்ளிகேட்டரை ஓடவிட்டு, அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்துவிட்டு, கடைசிச் சீவலை உளியால் நானே எடுப்பேன்.