மாத்திரைக்கு ஏறாத ஹீமோகுளோபின்

ஹீமோகுளோபின் 10 என்று ரிப்போர்ட் வந்தால் நம் வீடுகளில் வைத்தியம் தயாராக இருக்கும்: பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, பீட்ரூட், கூடவே மெடிக்கலில் வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை. (பீட்ரூட்டில் நிறம்தான் அதிகம், இரும்பு அவ்வளவு இல்லை.) பலருக்கும் குறை இரும்பில்தான் என்பதால் மாத்திரை வேலை செய்துவிடும். மாதக்கணக்கில் ஒழுங்காகப் போட்டும் ஏறாதவர்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த மூலக்கூறு. ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு ஹீமைப் பிடித்திருக்கிறது, அதன் நடுவில் ஓர் இரும்பணு. ஆக்சிஜன் ஒட்டுவது அந்த இரும்பில்தான். நுரையீரலில் ஒன்று ஒட்டிவிட்டால் அடுத்தடுத்தவை சுலபமாக ஒட்டும். உழைக்கும் தசையில் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் கூடும்போது பிடி தளர்ந்து ஆக்சிஜன் இறங்கிவிடும். ஆக, இரும்பு மட்டும் போதாது, சங்கிலியும் வேண்டும். பீட்டா சங்கிலிக்கான இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதாக இருந்தால், எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் உற்பத்தி குறையும். இவர்கள்தான் பீட்டா தலசீமியா கேரியர்கள், அதாவது பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள். நோயாளிகள் அல்ல, பெரும்பாலும் லேசான ரத்தசோகையோடு சாதாரணமாக வாழ்கிறவர்கள்.

இவர்களைக் கண்டுபிடிக்க முதல் தடயம் ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. நாம் ஹீமோகுளோபின் வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 10.8, சிவப்பணுக்கள் 57 லட்சம், எம்சிவி 62. எம்சிவி என்றால் சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்கு மேல் இருக்க வேண்டும். இரும்பு குறைந்தாலும் அணு சிறுக்கும்தான், ஆனால் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். இங்கே அணு சிறியது, எண்ணிக்கையோ ஏராளம். எம்சிவி 62ஐ, எண்ணிக்கையை மில்லியனில் எழுதி (57 லட்சம் என்பது 5.7 மில்லியன்) 5.7ஆல் வகுத்தால் 11க்குள் வருகிறது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிப்போம். இது சந்தேகத்துக்கு மட்டும், முடிவுக்கு அல்ல.

“தினமும் பேரீச்சம்பழம் கொடுக்கிறேனே டாக்டர்” என்றார் கூட வந்த மாமியார். ஃபெரிட்டின் பார்த்தோம், இரும்பு இருப்பு சரியாகவே இருந்தது. அப்புறம் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி பரிசோதனை: ஏ2 வகை ஹீமோகுளோபின் 5.2 சதவீதம். பெரியவர்களிடம் இது 3.5ஐத் தாண்டாது. கேரியர் என்பது உறுதி.

அடுத்து கணவருக்குப் பரிசோதனை, அதுவும் தள்ளிப்போடாமல். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தீவிர தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கணவருக்கும் தலசீமியாவே இருக்க வேண்டும் என்பதில்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952லேயே கண்டறியப்பட்ட சிக்கிள் வகை ஹீமோகுளோபினும், வங்காளத்திலும் வடகிழக்கிலும் அதிகம் காணப்படும் இ வகையும் பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தால் சிக்கல்தான். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடும்.

பிறந்தவுடன் குழந்தையைப் பார்த்துத் தீவிர தலசீமியா இருக்கிறதா என்று சொல்ல முடியாது. கருவில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி கொண்ட எஃப் வகை ஹீமோகுளோபின்தான் ஓடுகிறது. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுக்க அதன் இறுக்கமான பிடி உதவுகிறது. சில மாதங்களில் அது குறைந்து பீட்டா பொறுப்பேற்க வேண்டிய நேரத்தில்தான் குழந்தை வெளுக்கும், வயிறு உப்பும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். கேரியருக்கும் இரும்புக் குறைபாடு வரலாம். வந்தால் ஏ2 அளவு இறங்கி, ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று ஏமாற்றவும் செய்யும். ரத்தம் ஏற்றுவதாக இருந்தால் எச்பிஎல்சிக்கு அதற்கு முன்பே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு சில மாதங்களுக்குக் கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் கலந்துதான் தெரியும்.