தூபக்கால்

கொரியாவின் பண்டைய பெக்ஜே அரசு விட்டுச்சென்ற பொன்முலாம் பூசிய வெண்கலக் கலத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலர், அதை ‘ஊதுபத்தி எரிப்பான்’ என்கிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. அது தவறு. சரியான சொல் தூபக்கால்.

கொரிய மொழியில் அதன் பெயர் ஹியாங்நோ. ஹியாங் என்றால் நறுமணம், நோ என்பது கனல் வைக்கும் கலம். இரண்டும் சீனச் சொற்களின் வழி வந்தவை. தமிழில் தூபம் வடசொல். கால் நம்முடையது, தாங்கி நிற்கும் அடிப்பகுதியைக் குறிப்பது.

ஊதுபத்தியில் குச்சியைக் கொளுத்தினால் போதும், கலமே தேவையில்லை. இங்கே நடப்பது வேறு. தாமரை வடிவக் கிண்ணத்தில் நறுமணப் பொருளைக் கனலிட்டு மூடியைக் கவிழ்க்க வேண்டும். மூடி முழுவதும் மலைமுகடுகள். அவற்றின் இடுக்குகளில் துளைகள், உச்சியில் நிற்கும் பறவையின் மார்பிலும் இரண்டு துளைகள். புகை அவற்றின் வழியே கசிந்து மலைமேல் மேகம்போல் படரும். சீனாவின் ஹான் அரசமரபுக் காலத்து மலைவடிவத் தூபக்கால்களின் மரபு இது. இதில் தீ கொழுந்துவிட்டு எரிவதில்லை, கனன்று புகைகிறது. ‘எரிப்பான்’ என்றதும் எரிவாயு அடுப்புதான் நினைவுக்கு வரும். ‘இன்சென்ஸ் பர்னர்’ என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வினை இது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘நறும்புகைக் கலன்’ என்கிறார்கள். தூபம் வேண்டாம் என்பது அவர்கள் வாதம். நறும்புகை அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் கோயிலிலும் வீட்டிலும் மக்கள் கையில் புழங்கும் தூபக்காலை ஒதுக்கிவிட்டு, விளக்கம் சொல்லிப் புரியவைக்க வேண்டிய ஒன்றை ஏன் கொண்டுவர வேண்டும்? அதைவிட முக்கியம், ‘கலன்’ என்றதும் கால் போய்விடுகிறது. இந்தப் பொருளில் காலை விட்டால் பாதிப் பொருள் போச்சு.

காலாக இருப்பது ஒரு டிராகன். ஒரு முன்காலைத் தூக்கி, மற்ற மூன்று கால்களையும் வாலையும் வட்டமாகச் சுழற்றி ஊன்றியிருக்கிறது. நிமிர்ந்த வாயில் தாமரைத் தண்டைக் கவ்வியிருக்கிறது. தண்டின்மேல் தாமரை, தாமரையின்மேல் சித்தர்கள் உலவும் மலை, மலையுச்சியில் பறவை. நீரிலிருந்து வானம்வரை ஓர் உலகம் 61.8 செ.மீ. உயரத்துக்குள் எழுகிறது. பறவைக்குக் கீழே ஐந்து இசைக்கலைஞர்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். மலைச்சரிவில் ஒருவர் யானைமேல் போகிறார், கொரியாவில் யானை கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தாமரை பௌத்தம், மலை சீனாவில் தோன்றிய தாவோயிசம் என்ற சமயம். இரண்டையும் ஒரே வார்ப்பில் ஏந்தி நிற்பது அந்தக் கால்தான்.

1993 டிசம்பரில் புயோ நகரத்தை ஒட்டிய நுங்சான்-ரியில், ஒரு பழைய பௌத்தக் கோயிலின் பட்டறை இருந்த இடத்தில், சேற்றுக்குள் இது கிடைத்தது. ஈரச்சேறு காற்றை அண்டவிடாததால் பெரிதாகச் சிதையவில்லை. கி.பி. 554-இல் போரில் இறந்த பெக்ஜே மன்னர் சொங்கின் நினைவுச் சடங்குகளுக்குப் பயன்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப்பட்ட பொருளுக்கு ஊதுபத்திப் பெயரா?

அப்புறம், உச்சியிலிருக்கும் பறவை. அதைப் ‘பீனிக்ஸ்’ என்று எழுதிவிட்டு, ‘சாம்பலிலிருந்து மீண்டெழும் பறவை’ என்று விளக்கமும் சேர்க்கிறார்கள். அது கிரேக்கக் கதை. கொரியாவின் போங்ஹ்வாங் எரிவதும் இல்லை, சாம்பலிலிருந்து எழுவதும் இல்லை. நல்லாட்சி நடக்கும்போது தோன்றும் மங்கலப் பறவை அது. ஆங்கிலத்தில் ஒருவர் வசதிக்காக வைத்த பெயரைத் தமிழில் இன்னொருவர் கதையோடு இறக்குமதி செய்கிறார். படிக்கிறவர் அதையே கொரிய நம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறார். போங்ஹ்வாங் என்றே எழுதி, மங்கலப் பறவை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.