பட்டறையில் வளைத்த ஸ்பிரிங் ஏன் படுத்துவிடுகிறது?

வத்தளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரிடம் பழைய மிட்சுபிஷி ஜீப் ஒன்று இருக்கிறது. வில்பத்துப் பக்கமும் மீமுரே பாதையிலும் அடி தட்டாமல் ஓட வேண்டும் என்பதற்காக அதை மூன்று அங்குலம் உயர்த்த விரும்பினார். வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்பிரிங் தொகுதியின் விலையைக் கேட்டதும் நேரே கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போய்விட்டார். லொறியில் கழற்றிய ஸ்பிரிங் பட்டைகளை (வண்டியைத் தாங்க அடுக்கடுக்காகக் கட்டும் வளைந்த உருக்குத் தகடுகளை) வாங்கி, ஒரு பட்டறை பாஸிடம், அதாவது மேஸ்திரியிடம், கொடுத்து, உலையில் சிவக்கக் காய்ச்சி, வேண்டிய வளைவுக்கு அடித்து எடுத்தார். மாட்டிய அன்று ஜீப் கம்பீரமாக நின்றது. நாலைந்து பேர் ஏறிக் குதித்தும் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. முதல் காட்டுப் பயணம் முடிந்து திரும்பியபோது ஜீப் பழைய உயரத்தையும் விடத் தாழ்ந்திருந்தது. "லொறியையே சுமந்த பட்டை என் ஜீப்பை ஏன் சுமக்கவில்லை? பாஸ் ஏதாவது ஏமாற்றிவிட்டாரா?" என்பது அவருடைய கேள்வி.

பாஸ் ஏமாற்றவில்லை. அவர் கொடுத்தது அதே இரும்புதான். ஆனால் உலைக்குள் போன பட்டையும் வெளியே வந்த பட்டையும் ஒன்றல்ல.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 வரை பெரும்பாலும் மூடிக்கிடந்ததில், இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட வைப்பது இலங்கையின் பொதுக் கலையாகிவிட்டது. அந்தக் கலையை நான் மதிக்கிறேன். ஆகவே கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பட்டையின் விறைப்பு இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது: ஒன்று அதன் வடிவம், மற்றது உலோகத்தின் யங்கின் மட்டு. வடிவத்தில் நீளமும் அகலமும் கணக்கில் வந்தாலும் ஆட்டிவைப்பது தடிப்புத்தான். விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு விகிதசமன். 6 மில்லிமீற்றர் பட்டைக்குப் பதிலாக 7 மில்லிமீற்றர் பட்டை போட்டால் விறைப்பு 59 சதவீதம் கூடும். 10 மில்லிமீற்றர் லொறிப் பட்டை என்றால் நாலரை மடங்குக்கும் மேல். லொறிப் பட்டை போட்ட ஜீப்பில் ஏறியவர்களின் இடுப்பு இந்தச் சமன்பாட்டை நன்றாகவே அறியும்.

இனி யங்கின் மட்டு. ஓர் உலோகம் இழுத்தால் எவ்வளவு விட்டுக்கொடுக்காமல் நிற்கும் என்பதைச் சொல்லும் எண் இது. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்கள்கூடக் கவனிக்காமல் தாண்டிப் போகும் வேடிக்கை இங்கேதான் இருக்கிறது. வாசல் கிறில் செய்யும் சாதாரண மெல்லுருக்குக்கும் விலையுயர்ந்த ஸ்பிரிங் உருக்குக்கும் யங்கின் மட்டு ஏறத்தாழ ஒன்றே: சுமார் 200 கிகாபஸ்கால். உருக்கைக் கடினமாக்கினாலும் மென்மையாக்கினாலும் இந்த எண் அசைவதில்லை. ஒரே அளவுள்ள கிறில் பட்டையும் ஸ்பிரிங் பட்டையும் ஒரே சுமைக்கு ஒரே அளவுதான் வளையும். அப்படியானால் நாலைந்து பேர் ஏறிக் குதித்த சோதனை எதைச் சோதித்தது? விறைப்பை. விறைப்பு கெடவே இல்லை. கெட்டது வேறொன்று.

அது மீள்தன்மை எல்லை. எவ்வளவு தூரம் வளைத்தால் திரும்பி வரும், எந்த இடத்தைத் தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும் என்கிற எல்லை. இதைத் தகைப்பில், அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசையில், அளப்பார்கள். மெல்லுருக்குக்கு இது சுமார் 250 மெகாபஸ்கால். முறையாகப் பதப்படுத்திய ஸ்பிரிங் உருக்குக்குச் சுமார் 1,100. அதே ஸ்பிரிங் உருக்கைச் சிவக்கக் காய்ச்சிச் சும்மா காற்றில் ஆறவிட்டால் 530 அளவில் வந்து நிற்கும்.

இந்த எண்களை ஜீப்பின் அடியில் வைத்துப் பார்ப்போம். 110 சென்ரிமீற்றர் நீளமும் 8 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பட்டைகளின் கட்டு, நீளம் முழுவதும் சீராக வளைகிறது என்று கொள்வோம். மெல்லுருக்கில் செய்த கட்டு நடுவில் சுமார் 5 சென்ரிமீற்றர் இறங்கும்வரை திரும்பி வரும். காற்றில் ஆறிய கட்டுக்கு 10. பதப்படுத்திய கட்டுக்கு 20. ஜீப்பின் சொந்த எடைக்கே ஏழெட்டு சென்ரிமீற்றர் செலவாகிவிடுகிறது என்றால், வத்தளை ஜீப்புக்கு நடந்தது கணக்கிலேயே தெரிகிறது. கராஜ் வாசலில் நின்றபோது எல்லைக்குள் இருந்தது. காலி வீதியில் ஓடியபோதும் எல்லைக்குள் இருந்தது. காட்டுப் பாதையின் முதல் பெருங்குழியில் எல்லையைத் தாண்டியது. அங்கேயே கொஞ்சம் படுத்தது. அடுத்த குழியில் இன்னும் கொஞ்சம்.

அப்படியானால் உலை எதைப் பறித்தது? எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத பகுதி இது.

ஜப்பானிய லொறிப் பட்டைகளில் அதிகம் காணப்படும் எஸ்.யு.பி. 9 என்ற உருக்கில் காபன் 0.52 முதல் 0.60 சதவீதம்வரை இருக்கும். கூடவே கொஞ்சம் மங்கனீசும் குரோமியமும். எடையில் அற்பமாகத் தெரிந்தாலும் காபன் அணு இலேசானது. எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ நாற்பது இரும்பு அணுவுக்கு ஒரு காபன் அணு. சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் உட்கார்ந்திருக்கும். இந்த அமைப்பில் காபனுக்கு இடமே இல்லை. கரைவது அதிகபட்சம் 0.02 சதவீதந்தான். ஆனால் 800 பாகை செல்சியஸைத் தாண்டச் சூடாக்கினால் இரும்பு இருக்கை மாறி உட்காருகிறது: எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும். இந்த ஏற்பாட்டில் உள்ள இடைவெளிகள் பெரியவை. காபன் முழுவதும் உள்ளே கரைந்துவிடும்.

இப்போது பட்டையைத் திடீரென எண்ணெயில் அமிழ்த்துங்கள். புறக்கோட்டையிலிருந்து மஹரகம போகும் 138ஆம் இலக்க பஸ் மாலையில் நிரம்பி வழியும்போது, யாரும் இறங்குவதற்குள் பஸ்ஸே சுருங்கிவிட்டால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். இரும்பு தன் பழைய அமைப்புக்குத் திரும்பப் பார்க்கிறது. காபன் அணுக்களுக்கு வெளியேற நேரமில்லை. கனசதுரம் ஒரு பக்கமாக நீண்டு பிதுங்குகிறது. இந்த மாற்றத்தில் அணுக்கள் ஒவ்வொன்றாக இடம் தேடி அலைவதில்லை. வரிசை வரிசையாக ஒன்றாய்ச் சரிகின்றன. உலோகத்தில் ஒலி போகும் வேகத்தை நெருங்கும் வேகத்தில் தகடு தகடாக இந்தப் புதிய அமைப்புப் பரவுகிறது. ஜெர்மானிய உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக இதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர். எண்ணெய்க்குள் சில நொடிகளில் முடிந்துபோகும் இந்தச் சரிவில்தான் லொறியின் பாரம் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உலோகம் நிரந்தரமாக வளைவது என்றால், அதன் அணு வரிசைகளில் உள்ள பிசகுகள் படிப்படியாக நகர்ந்து போவது என்று பொருள். மார்ட்டென்சைட்டின் நெருக்கடியில் அந்தப் பிசகுகளால் நகர முடியாது. ஆகவே எல்லை எங்கேயோ உயரத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சிய கடினம். தவறிக் கீழே விழுந்தால் பட்டை இரண்டாகும். அதனால் மறுபடியும் 460 முதல் 510 பாகைவரை மெல்லச் சூடாக்கி வைத்திருப்பார்கள். சிறைப்பட்ட காபன் இப்போது இரும்போடு சேர்ந்து மிக நுண்ணிய துணிக்கைகளாக வெளியே வருகிறது. நெருக்கடி தளர்கிறது, முறியும் குணம் போகிறது. பிசகுகளின் வழியை மறிக்கும் வேலையை அந்தத் துணிக்கைகள் ஏற்றுக்கொள்கின்றன.

பட்டறையில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சியதும் இந்தத் துணிக்கைகள் அத்தனையும் மீண்டும் கரைந்துபோயின. அடித்து வளைத்துத் தரையில் போட்டு ஆறவிட்டபோது காபனுக்கு ஆற அமர நேரம் கிடைத்தது. அது தடித்த அடுக்குகளாக ஒதுங்கிக்கொண்டது. தொழிற்சாலை செய்த வேலை முழுவதும் அழிந்தது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

எண்ணெயில் தோய்த்துத் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. பழைய என்ஜின் எண்ணெயில் தோய்த்துவிட்டு இரண்டாவது சூட்டைச் செய்யாமல் விட்டால் படுக்கிற பட்டைக்குப் பதிலாக முறிகிற பட்டை கிடைக்கும். படுக்கிறதே மேல். இந்த உருக்குக்கு முதல் சூடு 830க்கும் 860க்கும் இடையில், பட்டையின் நீளம் முழுவதும் சமமாக இருக்க வேண்டும். கரி உலையில் நடுப்பகுதி ஒரு நிறமும் முனைகள் இன்னொரு நிறமுமாக இருப்பதை நீங்களே பார்க்கலாம். இரண்டாவது சூடு அதைவிடச் சிக்கல். கண்ணுக்குச் சிவப்பே தெரியாத வெப்பநிலை அது. வெப்பமானி பூட்டிய மின்னுலை இல்லாமல் இந்த வேலை நடக்காது.

சூடாக்காமலே அழுத்தி வளைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். காபன் துணிக்கைகள் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் வளைத்து விட்டபிறகு பட்டையின் மேற்பரப்பில் ஓர் இழுவிசை உள்ளேயே தங்கிவிடுகிறது. ஜீப்பின் சுமையும் அதே மேற்பரப்பைத்தான் இழுக்கிறது. இரண்டும் கூடி எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும். தொழிற்சாலையில் இதற்கு நேர்மாறாக, புதுப் பட்டையைச் சுமை வரும் திசையிலேயே ஒருமுறை அளவுக்கு மீறி அழுத்தி விடுகிறார்கள். அப்போது மேற்பரப்பில் தங்குவது அமுக்கவிசை. அது பிற்காலச் சுமைக்கு எதிராக நின்று உதவும்.

'ஸ்பிரிங் பழசாகி இளகிவிட்டது' என்று கராஜ்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தேசிக்காயும் மிளகாயும் கட்டுவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், அதற்குச் செலவு குறைவு. இந்த நம்பிக்கைக்குச் செலவு அதிகம். உருக்கு வயதாகி இளகுவதில்லை. பட்டை துருப்பிடித்து மெலியும், எல்லை தாண்டிப் படுக்கும், அல்லது வெடிக்கும். வெடிப்புப் பெரும்பாலும் நடு போல்ட் துளையிலோ கிரைண்டர் உராய்ந்த கீறலிலோ தொடங்கும். முறிந்த பட்டை ஒன்றைக் கையில் எடுத்து அதன் முகத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து வளையம் வளையமாக விரியும் மழமழப்பான பகுதி ஒன்று, துருவேறி இருக்கும். மீதி சொரசொரப்பாகப் புதிதாய் மின்னும். மழமழப்பான பகுதி மாதக்கணக்கில் மெல்ல வெடித்தது, மின்னுவது கடைசிக் குழியில் முறிந்தது. ஸ்பிரிங் பட்டையில் வெல்டிங் வைக்கவே கூடாது என்பதும் இதனால்தான். ஒரு சிறு ஒட்டு, பக்கத்தில் மென்மையான ஒரு பட்டியையும் முறியும் ஒரு பட்டியையும் சேர்த்தே உண்டாக்கிவிடும்.

இந்த மண்ணுக்கு உருக்கு புதிதில்லை. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவப் பகுதியில், தென்மேல் பருவக்காற்றை நேருக்குநேர் வாங்கும் மலைச்சரிவுகளில் வரிசையாக உலைகள் கட்டி, துருத்தியே இல்லாமல் காற்றாலேயே இரும்பை உருக்கியிருக்கிறார்கள். கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டுவரை நடந்த வேலை. கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அங்கே அகழ்ந்து, அதேபோன்ற உலையைக் கட்டி எரித்துப் பார்த்து, அதிலிருந்து காபன் மிகுந்த உருக்குக் கிடைப்பதைக் காட்டினார். 1996இல் நேச்சர் சஞ்சிகையில் அது வெளிவந்தது. அந்த நாட்டில் இன்று ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் போகும் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பதார்த்த விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பஞ்சிகாவத்தையிலிருந்து அது ஒரு மணித்தியாலப் பயணந்தான். பொது மின்னுலை ஒன்றும் கடினத்தன்மை அளக்கும் கருவி ஒன்றும் அந்தச் சந்தையின் நடுவே வைத்து, பட்டைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால் எத்தனை பாஸ்மாருக்கு உதவும்! விண்வெளி பற்றிய அறிவிப்புகளைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

சரி, மலிவாகச் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா? இருக்கிறது. பட்டையின் முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் ஷக்கிள் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் சுமை 400 கிலோ என்றால் ஒரு முனைக்கு 200 கிலோ. அதை 40 மில்லிமீற்றர் அகலமும் 10 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள இரண்டு மெல்லுருக்குத் தகடுகள் தாங்குகின்றன. தகைப்பு 2.5 மெகாபஸ்கால் மட்டுமே. குழியில் விழுந்து பத்து மடங்கானாலும் 25; எல்லை 250. அது வளைந்து நிமிரும் உறுப்பல்ல, ஆகவே பதப்படுத்தத் தேவையில்லை. நல்ல லேத் பட்டறையில் துளையைச் சுத்தமாகக் கடைந்து, இரு தகடுகளையும் குறுக்கே ஒரு துண்டால் இணைத்தால் போதும்.

ஆனால் பேராசை வேண்டாம். ஷக்கிளை 5 சென்ரிமீற்றர் நீட்டினால் ஜீப் உயர்வது அதில் பாதிதான். அதோடு அச்சும் இரண்டரைப் பாகை திரும்பும். முன் ஷக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கும் ஜீப்புகளில், இதனால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் குறைந்துவிடும். முன் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவதைச் செய்யவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது அந்தக் கட்டையே நெம்புகோலாகி பட்டையை முறுக்கும். பட்டைகளை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டுகளைச் சாதாரணக் கம்பியில் மரை வெட்டிச் செய்யாதீர்கள். கழற்றிய பழையவற்றை மீண்டும் போடாதீர்கள்.

வத்தளை வாசகருக்கு என் பதில்: அடித்த பட்டைகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். வெப்பம் படாத, உங்கள் ஜீப்பின் பட்டைகளுக்கு நெருங்கிய தடிப்பும் இயல்பாகவே கூடுதல் வளைவும் உள்ள பட்டை ஒன்றைத் தேடி, இப்போதுள்ள கட்டோடு சேருங்கள். மூன்று அங்குலம் வராது, ஒன்றரை வரலாம். உயரத்தை நான் குறைத்துச் சொல்வதற்கும் கணக்கு உண்டு. இடது, வலது சக்கரங்களின் இடைத்தூரம் 130 சென்ரிமீற்றர், ஈர்ப்புமையம் 65 சென்ரிமீற்றர் உயரத்தில் என்றால் ஜீப் சரிவில் 45 பாகைவரை கவிழாது. மூன்று அங்குலம் ஏற்றினால் அது 42 பாகையாகக் குறைகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

பூட்டி முடித்தபின் ஜீப்பைச் சட்டகத்தில் தாங்கு கொடுத்துத் தூக்கி, சக்கரங்களை முழுவதுமாகத் தொங்கவிட்டு, முன்சக்கரங்களை இரு பக்கமும் எல்லைவரை திருப்பிப் பாருங்கள். பிரேக்கின் இறப்பர்க் குழாய் விறைத்து நின்றால் நீளமான குழாய் வேண்டும். அதைப் புதிதாகவே வாங்குங்கள்.