சவர் சர்வீஸ்: ஒரு சொல் விளக்கம்

கிள்ளான் பள்ளத்தாக்கின் பட்டறைகளில் எண்ணெய்க் கிணற்றின் வாயில் பொருந்தும் கிணற்றுத்தலைக்கான வால்வு, ஃபிளாஞ்சு (குழாய்களை இணைக்கும் வளையத் தட்டு), ஸ்பூல் (இணைப்புக் குழாய்த் துண்டு) ஆகியவற்றைக் கடைந்தெடுக்கும் தமிழர்களின் காதில் நாள்தோறும் விழும் ஆங்கிலச் சொல் ‘சவர் சர்வீஸ்’ (sour service). ஹைட்ரஜன் சல்பைடு வாயு கலந்த கிணற்றில் ஒரு கருவி வேலை செய்யும் சூழலை அது குறிக்கிறது. கோலாலம்பூரில் ஒரு பயிற்சி வகுப்பில் இச்சொல்லை நான் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதியபோது, பின்வரிசை இளைஞர் ஒருவர், “சார், சவர்னா உப்புத் தண்ணிதானே? கடல்ல போடுறதால அப்படிச் சொல்றாங்களா?” என்று கேட்டார். அவர் தமிழை நன்றாக அறிந்திருந்தார் என்பதே அக்கேள்விக்குக் காரணம்.

தமிழில் ‘சவர்’ என்பது உவர்ப்பைக் குறிக்கும் பழைய சொல். உப்புக் கரிக்கும் கிணற்று நீரைச் சவர் நீர் என்றும், உப்புப் பூத்துப் பயிர் ஏறாத மண்ணைச் சவர் நிலம் என்றும் சொல்வது வழக்கம். மலேசியாவில் நம் பாட்டிமார் சோப்புக்குச் சொல்லும் ‘சவர்க்காரம்’ என்பதிலும் இச்சொல்தான் காரத்தோடு சேர்ந்து நிற்கிறது. ஆங்கிலச் சொல்லோ புளிப்பைக் குறிப்பது. ஆக, ஒலியளவில் ஒன்றாகிவிட்ட இவ்விரு சொற்களில் ஒன்று உவருக்கும் காரத்துக்கும் உரியது, மற்றது புளிப்புக்கு உரியது. ஒலிபெயர்ப்பு இவ்வளவு ஏமாற்றும் இடம் நம் தொழிலில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் ‘புளிப்புச் சூழல்’ என்று மொழிபெயர்த்துவிடலாமே எனத் தோன்றும். அதுவும் பொருந்தாது. எண்ணெய்த் தொழிலில் கந்தகம் குறைந்து, கெட்ட நாற்றம் இல்லாமல் வந்த எண்ணெயை ‘இனிப்பு’ என்றும், கந்தகம் மிகுந்ததைப் ‘புளிப்பு’ என்றும் பிரித்தார்கள். வாயுவைப் பொறுத்தவரை, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருந்தால் அது புளிப்பு வாயு. கரியமிலவாயு நீரில் கரைந்து அமிலமாகி எஃகை அரிக்கிறது. ஆயினும் அந்த அரிமானத்தைத் தொழில் வழக்கு ‘இனிப்பு அரிமானம்’ என்றே அழைக்கிறது. கரியமிலவாயு மிகுந்த எரிவாயு வயல்கள் சரவாக் கடலில் உள்ளன. புளிப்பு என்றால் அமிலம் என்று கொண்டால், ஹைட்ரஜன் சல்பைடு இல்லாத கிணற்றையும் ‘சவர்’ பட்டியலில் சேர்த்துவிடுவோம். நீரின் அமிலத்தன்மை ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மைதான், ஆனால் பெயருக்குக் காரணம் அதுவன்று.

இளைஞரின் கேள்விக்கு இத்தனை விரிவாக மறுமொழி சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் எஃகின் நடத்தை. உப்பு நீரில் உள்ள குளோரைடு, 316 வகைத் துருவேறா எஃகில் விரிசல் உண்டாக்குவது சூடு ஏறும்போது, பொதுவாக 60 பாகை செல்சியசுக்கு மேல். ஹைட்ரஜன் சல்பைடு இதற்கு நேர்மாறு. எஃகின் மேற்பரப்பில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாக வெளியேறுவதைச் சல்பைடு தடுத்துவிடுவதால், அவ்வணுக்கள் எஃகுக்குள்ளேயே நுழைகின்றன. கார்பன் எஃகும் குறைந்த கலப்பு எஃகும் அப்போது இழுவையில் இருந்தால், முன்னறிவிப்பின்றிப் பிளந்துவிடும். இந்தப் பிளவு அறை வெப்பநிலையை ஒட்டித்தான் மிகக் கொடியது. கிணறு எவ்வளவு சூடாக ஓடினாலும், மூடிவிட்டால் கிணற்றுத்தலை குளிர்ந்துவிடும் என்பதால், அங்கே சூட்டை நம்பி எஃகைத் தேர்வு செய்ய முடியாது.

எவ்வளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் ‘சவர்’ என்ற பெயர் பொருந்தும்? 1975-இல் நேஸ் (NACE) என்ற அமெரிக்க அரிமானப் பொறியாளர் அமைப்பு வெளியிட்ட எம்.ஆர். 0175 என்ற விதியும், அதன் வழிவந்த பன்னாட்டு விதியான ஐ.எஸ்.ஓ. 15156-உம் வாயுவின் பகுதி அழுத்தத்தை, அதாவது மொத்த அழுத்தத்தில் அவ்வாயுவின் பங்கை, வைத்து முடிவு செய்கின்றன. கார்பன் எஃகுக்கும் குறைந்த கலப்பு எஃகுக்கும் அந்த எல்லை 0.3 கிலோபாஸ்கல். 200 பார் அழுத்தமுள்ள கிணற்றில் பத்து இலட்சத்தில் 15 பங்கு வாயுவே அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதன்பின் எஃகின் வன்மை (கடினத்தன்மை) ராக்வெல் ‘சி’ அளவில் 22-ஐத் தாண்டக் கூடாது, நிக்கல் 1 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சந்தேகமுள்ள எஃகை, ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த உப்புக் கரைசலில் இழுத்துக் கட்டி 720 மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள்.

வன்மை மிகுந்தால் நல்லது என்று பட்டறையில் பழகிய கைக்கு இந்த மேல்வரம்பு புரியச் சிறிது காலம் பிடிக்கும். 4130 என்ற குறைந்த கலப்பு எஃகில் அடித்துச் செய்த ஒரு ஃபிளாஞ்சை எடுத்துக்கொள்வோம். 10 மி.மீ. குண்டை 3000 கிலோ விசையில் அதன் மேல் அழுத்துகிறோம். பதியும் குழியின் விட்டம் 4.30 மி.மீ. என்றால் பிரினெல் முறைப்படி வன்மை 197, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் கிணற்றுத்தலை விதியான ஏ.பி.ஐ. 6ஏ-இல் 75கே என்ற வலிமைத் தரத்துக்கு அதுவே கீழ்வரம்பு. குழி 3.90 மி.மீ.யாகச் சுருங்கினால் வன்மை 241, அதாவது ராக்வெல் 22-க்கு ஈடாகக் கொள்ளப்படும் 237-ஐத் தாண்டிவிட்டது. வலிமை கூடிய அந்தத் துண்டு இந்தக் கிணற்றுக்கு உதவாது. உருப்பெருக்கியில் குழியை அளப்பவர் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிக்குள் இரண்டு வரம்புகளையும் காக்கிறார். வெல்டு செய்தபின் அதன் ஓரத்தை மறுபடி அளக்க வேண்டும். வன்மை அங்கேதான் சொல்லாமல் ஏறும்.

சொல்லின் இரண்டாம் பாதியான ‘சர்வீஸ்’ என்பதைச் ‘சேவை’ என்று எழுதிய கையேட்டைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஒரு கருவி எந்தத் திரவத்தில், எந்த அழுத்தத்தில், எந்தச் சூட்டில் வேலை செய்யும் என்பதையே இது சொல்வதால், ‘பணிச்சூழல்’ என்பதே நேரான சொல். முதற்பாதிக்குச் சுவைப்பெயரை விட்டுவிட்டுப் பொருளின் பெயரைச் சொல்வதே சரி. ‘கந்தகச் சூழல்’ என்று மட்டும் எழுதினால், கிணற்றில் சில வேளை படியும் மஞ்சள் நிறத் தனிக் கந்தகத்தோடு மயக்கம் வரும்; விதிநூல் அதைத் தனியே கணக்கில் எடுக்கிறது. ஆகவே ‘கந்தகவளிப் பணிச்சூழல்’ என்பதை நான் முன்வைக்கிறேன், சுருக்கமாகக் ‘கந்தகவளிச் சூழல்’. வளி என்ற ஒரு சொல் அந்த மயக்கத்தை நீக்கிவிடுகிறது.

வேலைச் சீட்டில் ஆங்கிலச் சொல் இருக்கட்டும், அதனடியில் தமிழில் எழுதித் தர வேண்டிய வரி இது: “இத்துண்டு கந்தகவளிச் சூழலுக்கு உரியது, பிரினெல் வன்மை 197-க்குக் குறையவோ 237-ஐத் தாண்டவோ கூடாது.”