சர்வரில் ஓடுவது எது?

சர்வரில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருப்பது எந்த நிரல்? ஒரு குழுவில் இதற்குச் சட்டென்று பதில் வராவிட்டால், தானியங்கி டெப்ளாய்மென்ட் (புது நிரலைச் சர்வரில் தானாக ஏற்றுவது) பற்றிப் பேசுவதில் பயனில்லை. நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவி அந்தப் பதிலை 40 எழுத்துகளில் தருகிறது.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக எழுதிய கருவி இது. அதுவரை கைகொடுத்த பிட்கீப்பர் என்ற அதே வகைக் கருவியின் இலவச உரிமம் நின்றுபோன அவசரத்தில் பிறந்தது.

கமிட் செய்தால், அதாவது செய்த வேலையைப் பதிவாக ஒப்படைத்தால், 'என்ன மாறியது' என்பதை மட்டும் கிட் குறித்துக்கொள்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நாம் ஒப்படைத்த கோப்புகள் எல்லாம் அப்போது எப்படி இருந்தனவோ, அந்த முழு நிலையையும் பதிகிறது. மாறாத கோப்பை மறுபடி சேமிக்காமல் பழைய பிரதியையே சுட்டும். கோப்புகளின் நிலை, எழுதியவர், நேரம், குறிப்பு, முந்தைய கமிட்டின் பெயர் எல்லாம் எஸ்ஹெச்ஏ-1 என்ற கணக்குக்குள் போகின்றன. எந்தத் தரவையும் ஒரே நீள எண்ணாகச் சுருக்கும் கணக்கு அது. 160 பிட் எண் ஒன்று வெளியே வருகிறது. பதினறும முறையில் (0-9, a-f) எழுதினால் 40 எழுத்து. அதுதான் கமிட்டின் பெயர்.

முந்தையதன் பெயரும் உள்ளே போவதில்தான் சூட்சுமம். பழைய கமிட் ஒன்றில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அதன் வழிவந்த எல்லாக் கமிட்களின் பெயரும் மாறிவிடும். சத்தமில்லாமல் வரலாற்றைத் திருத்த வழியில்லை. (2017-இல் ஒரே எஸ்ஹெச்ஏ-1 மதிப்புள்ள இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். அந்த வகைத் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் சோதனை பிறகு கிட்டில் சேர்ந்தது.)

சரி, டெப்ளாய்மென்டுக்கு வருவோம். புது கமிட் வந்ததும் ஒரு தானியங்கி இயந்திரம் அதை வெற்று இடத்தில் இறக்கி, பில்டு செய்து, அதாவது ஓடத் தயாரான பொதியாக்கி, சோதனைகளை ஓட்டுகிறது. ஒன்று தோற்றாலும் அங்கேயே நின்றுவிடும். தேறிய பொதிக்குக் கமிட்டின் பெயரை ஒட்டிச் சர்வருக்கு அனுப்பும். சோதனைச் சர்வருக்கு ஒரு பில்டு, நிஜச் சர்வருக்கு இன்னொன்று என்று செய்யும் குழுக்கள் உண்டு. எனக்கு அது வீண் வம்பாகவே படுகிறது. இடையில் நிரல் பயன்படுத்தும் ஏதாவது நூலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) பதிப்பு மாறினால், நாம் சோதித்தது ஒன்று, ஓடுவது வேறொன்று.

கோளாறு வந்தால் முந்தைய பெயருள்ள பொதியைத் திரும்ப ஏற்றலாம். நிரல் பின்வாங்கிவிடும், தரவுத்தளம் கூடவே பின்வாங்காது. புதுப் பதிப்பு தரவுத்தள அட்டவணையின் ஒரு நெடுவரிசையை நீக்கியிருந்தால், அதைத் தேடும் பழைய நிரல் விழுந்துவிடும். அதனால் முதல் வெளியீட்டில் அந்த நெடுவரிசையைப் பயன்படுத்துவதை மட்டும் நிறுத்துவார்கள். அது சில நாள் ஒழுங்காக ஓடிய அப்புறம்தான், அடுத்த வெளியீட்டில் நீக்குவார்கள்.