காலிபரேஷன், புரொஃபைல்: ஒரு திரைக்கு இரண்டு சொற்கள்

கணினித் திரையின் நிறத்தைச் சரிபார்க்கும்போது காலிபரேஷன், புரொஃபைல் என்ற இரண்டு சொற்கள் வரும். இரண்டும் ஒன்றல்ல. சொற்களின் மூலத்திலிருந்து தொடங்குவோம். கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்து வந்தவர்களின் சங்கை, அளவுத் துளையில் விட்டுப் பார்ப்பது வழக்கம். துளையில் நழுவினால் குஞ்சுச் சங்கு. அதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். காலிபரேஷனுக்கு அடியான பிரெஞ்சுச் சொல் காலிபரும் ஒரு துளை அளவுதான்: பீரங்கிக் குழாயின் உள்விட்டம். அதற்கு மூலம் அச்சு, வார்ப்பு என்று பொருள்படும் 'காலிப்' என்ற அரபுச் சொல் என்பர். அதற்கும் பின்னால் போனால், செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் மர அச்சைக் குறித்த கிரேக்கச் சொல் வருகிறது. நேர்ப்பொருள் 'மரக் கால்'. நம் ஊரில் நெல் அளந்ததும் மரக்காலால்தான் என்பது வெறும் தற்செயல், உறவு கொண்டாட வேண்டாம். ஆனால் பள்ளி ஆய்வகத்து வெர்னியர் காலிப்பர் இதே குடும்பம்தான்.

புரொஃபைல் இத்தாலியிலிருந்து வந்தது. அதனுள் இருப்பது நூலைக் குறிக்கும் லத்தீன் சொல். முகத்தின் ஓரத்தை நூலிழைபோலக் கோடிட்டு வரைவது அதன் முதற்பொருள். நம் கொத்தனார் நூல் பிடிப்பது சுவரை நேராக்க. இந்த நூல் உருவத்தை, கோணல் இருந்தால் கோணலோடு, உள்ளபடி காட்ட.

மானிட்டர் விஷயத்தில் இந்த வேறுபாடுதான் முக்கியம். மீன் ஏலம் விடும் இடத்துத் தராசு வெறுந்தட்டிலேயே 50 கிராம் காட்டுகிறது என்று வையுங்கள். அதைச் சுழிக்குக் கொண்டுவருவது காலிபரேஷன். தராசைத் தொடாமல், '50 கிராம் கழித்துக்கொள்ளவும்' என்று சீட்டு எழுதி ஒட்டுவது புரொஃபைல். சீட்டைப் படிக்கிறவருக்கு மட்டுமே அது உதவும். வெர்னியரில் நாம் போட்ட 'சுழித்திருத்தம்' பெயரில்தான் திருத்தம். கருவி அப்படியேதான் இருந்தது, கணக்கில்தான் கழித்தோம். அதுவும் சீட்டு வகையே.

ஆகவே காலிபரேஷனுக்கு 'அளவுத்திருத்தம்' பொருந்தும். 'தரப்படுத்தல்' என்பது இறாலைப் பெரிது சிறிதாகப் பிரிக்கும் வேலை, இங்கே வேண்டாம். புரொஃபைலுக்கு 'சுயவிவரம்' என்று எழுதுவது இன்னும் தவறு. திரை தன்னைப் பற்றித் தானே எழுதுவதில்லை, அதை ஒரு கருவியால் அளந்து மென்பொருள் எழுதுகிறது. 'நிறவிவரம்' போதும்.

கிரேம் கில் எழுதிய ஆர்கில் என்ற திறமூல மென்பொருளில் இரண்டும் தனித்தனி நிரல்கள். டிஸ்ப்கால் அளவுத்திருத்தம் செய்யும். டார்ஜென் நிறக்கட்டங்களைத் தேர்ந்தெடுக்க, டிஸ்ப்ரீட் அவற்றைத் திரையில் காட்டி அளக்க, கோல்புரொஃப் நிறவிவரக் கோப்பை எழுதும். கட்டளை தட்டத் தயங்குவோருக்கு டிஸ்ப்ளேகால் என்ற முகப்பு உண்டு.

திரையை அரைமணி நேரம் எரியவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் கரண்ட் போய் வந்தால் மறுபடி அரைமணி. தானியங்கி பிரைட்னஸ், இரவு ஒளி, டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணைக்க வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கத்துப் போட்டோக் கடையென்றால் கடல் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கும். திரைச்சீலை போடாமல் அளக்காதீர்கள். திரையில் படியும் உப்புப் பிசுக்கையும் முதலில் துடைத்துவிடுங்கள். இலக்கு: வெண்புள்ளி (வெள்ளையின் சாயல்) 6500 கெல்வின், ஒளிர்வு (வெளிச்சத்தின் அளவு) சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா, காமா (இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் படிகள் ஏறும் விதம்) 2.2. சிவப்பு, பச்சை, நீலத்தை முடிந்தவரை மானிட்டரின் பொத்தான்களிலேயே சரிசெய்யுங்கள். முழுவதையும் கிராபிக்ஸ் கார்டில் ஏற்றப்படும் திருத்த எண்களின் அட்டவணையிடம் விட்டால், 8 பிட் இணைப்பில் படிகள் குறைந்து, வானத்தில் பட்டை பட்டையாக விழும்.

கலரிமீட்டர் என்ற நிற அளவைக் கருவி வைத்திருப்போர் பின்னொளி வகையையும் சரியாகச் சொல்ல வேண்டும். சாதாரண வெள்ளை எல்இடி திரையா, கூடுதல் செறிவான நிறங்களைக் காட்டும் விரிநிறத் திரையா என்பதில் பிசகினால் வெள்ளையே பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயும். முடிவில் சரிபார்ப்பு ஓட்டுங்கள். சராசரி டெல்டா ஈ, அதாவது வரவேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாடு, 1-க்குக் கீழே வந்தால் நல்லது, 3-ஐத் தாண்டினால் எங்கோ பிழை.

கல்யாண ஆல்பம் இருட்டாக அச்சாகி வந்தால் பலர் அச்சிட்ட லேபைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் திரையில்: கடையிலிருந்து வந்தபடியே 250, 300 கேண்டெலாவில் எரிந்துகொண்டிருக்கும், அந்த வெளிச்சத்தில் பார்த்துப் படத்தை இருட்டாக்கியிருப்பார்கள். இதை நிறவிவரம் சரிசெய்யாது, அளவுத்திருத்தம்தான் சரிசெய்யும். மாறாக, விரிநிறத் திரையில் முகங்கள் தக்காளிபோலச் சிவந்தால், படம் காட்டும் மென்பொருள் நிறவிவரத்தைப் படிக்கவில்லை என்று பொருள். அங்கே பொத்தானைத் திருகிப் பயனில்லை.

கணினி உறங்கி எழும்போது கார்டின் அட்டவணை சில சமயம் அழிந்துபோகும். ஆர்கிலின் இன்னொரு நிரலான டிஸ்ப்வின் கொண்டு மறுபடி ஏற்றலாம். யாராவது பிரைட்னஸ் பொத்தானைத் தொட்டிருந்தால் பழைய கோப்பு செல்லாது. அதனால் கோப்பின் பெயரிலேயே தேதி, கேண்டெலா, பொத்தான் எண்கள் மூன்றையும் எழுதி வையுங்கள்.